மாட்டின் காய்ச்சல் இறங்கினால் நோய் தீர்ந்ததா?



இந்தப் பகுதியில் வழக்கமாக மனிதருக்கு வரும் நோய்களைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். இந்த முறை மாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரெசர் ஐயா எப்போ மாட்டு வைத்தியரானாரு?" என்று சிரிக்க வேண்டாம். நான் மாட்டு வைத்தியன் அல்ல. ஆனால் மழைக்காலம் தொடங்கிவிட்டால், மருந்தறைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் தனக்கு வேண்டிய மருந்தை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நிற்பது வழக்கம். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. மாட்டுக்கு ரெண்டு நாளா மூச்சு வாங்குது. நாலு பனடோலும், அந்தக் கேப்சூல் நாலும் குடுத்தீங்கன்னா கஞ்சித் தண்ணியில கலந்து ஊத்திடுவேன்" என்பார்.

நான் கொடுப்பதில்லை. மருந்தறையில் இருப்பது ஆட்களுக்கான மருந்து என்பது ஒரு காரணம். கொடுத்தாலும் அது மாட்டைக் காப்பாற்றாது, சில சமயம் சாவைத் துரிதப்படுத்தும் என்பது இரண்டாவது காரணம். இதை வரிசையில் நிற்கும் ஒருவரிடம் இரண்டு நிமிடத்தில் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முன்பு போல் ஒவ்வொரு லயத்துக்குப் பின்னாலும் மாட்டுக் கொட்டகை இன்று இல்லை. ஆனாலும் மாடு வைத்திருக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த காலத்தில் அவர்களோடு வந்த மாடுகளின் வழியில் உண்டான இனத்தை, இந்நாட்டுக் கால்நடைத் துறையில் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்றே அழைக்கிறார்கள். அந்த மாடு காலையில் பால், வருஷத்துக்கு ஒரு கன்று, பிள்ளையின் படிப்புக்கோ மகள் கல்யாணத்துக்கோ அவசரத்தில் கைகொடுக்கும் ரொக்கம். வங்கியில் போட்ட பணம் ஒரே ராத்திரியில் மூச்சுத் திணறிச் சாவதில்லை. மாடு சாகும். ஆகவே இது குடும்பத்தின் கையிருப்பைப் பற்றிய விஷயம்.

மாட்டு நுரையீரல் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

மாட்டின் உடம்பு பெரிது. ஆனால் அந்த உடம்பின் தேவைக்கு அதன் நுரையீரல் சிறிது. குதிரைக்கு இருப்பது போல் தாராளமான மிச்சம் அதற்குக் கிடையாது. இன்னொன்று, மாட்டின் நுரையீரல் சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டது. ஓர் அறைக்குப் போகும் குழாய் சளியால் அடைபட்டுவிட்டால், பக்கத்து அறையிலிருந்து காற்றுக் கடன் வாங்க முடியாது. அந்த அறை அப்படியே செத்த இடமாகிவிடும். இதனால்தான் மனிதன் ஒரு வாரம் இருமிக்கொண்டே பெரட்டுக்குப் போய்விட்டு வருவது போல் மாட்டால் சமாளிக்க முடிவதில்லை.

நோயைக் கொண்டுவரும் கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து குதிப்பவையும் அல்ல. மான்ஹைமியா, பாஸ்டுரெல்லா என்ற பெயருள்ள பாக்டீரியாக்கள் நல்ல மாட்டின் மூக்கிலும் தொண்டையிலுமே குடியிருக்கின்றன. மாடு திடமாக இருக்கும் வரை அவை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். விடாத மழை, லாரியில் நெடுந்தூரப் பயணம், தாயிடமிருந்து கன்றைப் பிரித்தல், ஒரு வைரஸ் சளி என ஏதாவது ஒன்று மாட்டின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டிவிட்டால் போதும், அவை பெருகி நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு ஊசி எதற்கு என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

கிருமியைப் பிடிக்க ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் படையாகத் திரண்டு வருகின்றன. மான்ஹைமியா ஒரு விஷத்தைக் கக்கி அந்த வெள்ளை அணுக்களையே வெடிக்க வைக்கிறது. கிருமியை அழிப்பதற்காக அணுக்கள் தம் வயிற்றில் வைத்திருந்த திராவகம் நுரையீரல் சதையின் மேலேயே கொட்டுகிறது. சதை புண்ணாகி வீங்குகிறது, நீர் கசிகிறது, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் கட்டியாகிப் போகின்றன. திருடனைப் பிடிக்க வந்த கூட்டம் வீட்டையே இடித்துப் போட்டது போலத்தான். அதாவது மாட்டின் நுரையீரலைக் கெடுப்பதில் பாதி வேலையைக் கிருமி செய்கிறது. மீதியை மாட்டின் உடம்பே செய்துகொள்கிறது.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

முதல் மருந்து கிருமியைக் கொல்வது அல்லது பெருக விடாமல் கட்டிப்போடுவது. இதைத்தான் ஆண்டிபயாட்டிக் என்கிறோம். மாட்டின் நுரையீரல் நோய்க்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின், புளோர்பெனிக்கால், துலாத்ரோமைசின் போன்றவற்றைக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இந்த மருந்துக்கு வீக்கத்தைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. அதன் வேலை கிருமியோடுதான்.

இரண்டாவது மருந்து வீக்கத்தையும் சூட்டையும் வலியையும் தணிப்பது. மெலோக்சிகாம், புளூனிக்சின், கீட்டோபுரோபன் ஆகியவை இந்த வகை. நமக்குத் தெரிந்த ஆஸ்பிரின் இவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1971ஆம் ஆண்டு லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி, உடம்பில் வீக்கத்தையும் காய்ச்சலையும் மூட்டிவிடும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். அதற்காக 1982ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. மாட்டுக்குப் போடும் தணிப்பு ஊசிகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன.

இந்த இரண்டாவது மருந்து ஒரே ஒரு கிருமியைக்கூடக் கொல்லாது. இதை மனதில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துப் போட்டால் என்ன லாபம்?

கிருமிக்கொல்லி மட்டும் போட்டாலும் பல மாடுகள் பிழைக்கின்றன. பிறகு இரண்டையும் சேர்த்துப் போடுவானேன்?

கிருமிக்கொல்லி வேலை செய்து கிருமியை அடக்குவதற்குள் ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். அந்த இடைவேளையில் காய்ச்சலும் வலியும் மாட்டைத் தின்ன விடாது, தண்ணீர் குடிக்க விடாது, ஆழமாக மூச்சு இழுக்க விடாது. தணிப்பு மருந்து அந்த இடைவேளையைத் தாண்ட ஒரு பாலம் போட்டுக் கொடுக்கிறது. சில மணி நேரத்தில் சூடு இறங்கும், மூச்சு சற்றுத் தணியும், மாடு தொட்டியை எட்டிப் பார்க்கும். தின்கிற மாடு நோயோடு போராடும் மாடு.

இதைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்ட மாடுகளுக்கு முதல் நாளில் காய்ச்சல் விரைவாக இறங்குகிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சில ஆய்வுகளில் நுரையீரல் சேதமும் குறைவாக இருந்தது. ஆனால் சாவு குறைகிறது, நோய் திரும்புவது குறைகிறது, எடை கூடுகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. இந்த உண்மையை மருந்து விற்கிறவர் சொல்ல மாட்டார். நான் சொல்லி வைக்கிறேன். தணிப்பு ஊசி நல்ல துணைவன். அதைத் தலைவன் ஆக்கிவிடக் கூடாது.

மருந்துக் கம்பெனிகள் இரண்டையும் ஒரே புட்டியில் அடைத்தும் விற்கின்றன. புளோர்பெனிக்காலும் புளூனிக்சினும் சேர்ந்த ஊசிக்கு அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. துலாத்ரோமைசினும் கீட்டோபுரோபனும் சேர்ந்த ஊசிக்கு அங்கே 2021இல் அனுமதி வந்தது. மாட்டை ஒரு தடவை பிடித்துக் கட்டினால் போதும் என்பது இதில் உள்ள பெரிய வசதி. மூச்சுத் திணறும் மாட்டை இரண்டு தரம் விரட்டிப் பிடிப்பதே அதற்கு ஒரு தண்டனை அல்லவா?

அதற்காகத் தனித்தனிப் புட்டியில் உள்ள இரண்டு மருந்தை நீங்களே ஒரே ஊசிக் குழலில் உறிஞ்சிக் கலக்கிவிடாதீர்கள். கம்பெனி கலப்பது வேறு, கொட்டகையில் நாம் கலப்பது வேறு. போடும் இடமும் முக்கியம். உதாரணமாக, புளூனிக்சின் மட்டும் உள்ள ஊசியை ரத்தக் குழாயில் போடும்படி லேபிளில் சொல்லியிருக்க, அதைத் தொடையில் குத்தினால் சதை கெட்டுப்போகும். மருந்தும் உடம்பில் அதிக நாள் தங்கிவிடும்.

ஏமாற்றும் காய்ச்சல்

இனித்தான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. பால் கறக்கும் பசு. மருத்துவர் வந்து பார்த்து இரண்டு ஊசியும் போட்டார். கிருமிக்கொல்லியை மட்டும் தினம் ஒரு தரம் நான்கு நாள் போடச் சொல்லி, ஊசி போடத் தெரிந்த வீட்டுக்காரரிடமே மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பசு எழுந்து நின்று புல் தின்றது. உடம்பு சில்லென்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "நல்லாப் போச்சு, இனி எதுக்கு ஊசி? மருந்து மிச்சம் இருந்தா அடுத்த மாட்டுக்கு ஆகும்" என்று புட்டியை அலமாரியில் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பசு மறுபடியும் கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கத் தொடங்கியது. இந்த முறை மருத்துவர் வந்தும் பயனில்லாமல் போயிற்று.

மறுநாள் காலையில் அந்தப் பசுவைக் குளிர்வித்தது எது? தணிப்பு மருந்து. கிருமி அப்போது பாதிகூடச் சாகவில்லை. ஒரு நாளில் தணிப்பு மருந்தின் வேகம் குறைந்தது. கிருமிக்கொல்லியும் நின்றுபோனது. பாதி உயிரோடு இருந்த கிருமி திரும்பவும் தலைதூக்கியது.

ஆகவே தணிப்பு ஊசி போட்ட மாட்டின் காய்ச்சலை வைத்து நோயைக் கணக்குப் போடாதீர்கள். காய்ச்சல் இறங்குவது ஒரு கணக்கு, நோய் தீர்வது வேறொரு கணக்கு. இரண்டாவது மூன்றாவது நாளில் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: மாடு முன்பு போல் தின்கிறதா, அசை போடுகிறதா, மூச்சு அமைதியாக இருக்கிறதா, காது நிமிர்ந்திருக்கிறதா, மற்ற மாடுகளோடு சேர்ந்து நடக்கிறதா? இவை எல்லாம் சரியாக இருந்தாலும், மருத்துவர் நான்கு நாள் என்றால் நான்கு நாள்தான்.

சில கிருமிக்கொல்லி ஊசிகள் ஒரு தடவை போட்டாலே பல நாள் உடம்பில் நின்று வேலை செய்யும். அந்த வகை போட்டிருந்தால் மறுநாளே "இன்னொரு ஊசி போடுங்க டாக்டர்" என்று நச்சரிக்கவும் வேண்டாம். எது எந்த வகை என்பதை அவர் போகும்முன் கேட்டு, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாளாகியும் தேறவில்லை என்றால் அவரையே திரும்பக் கூப்பிடுங்கள். புதிய ஆளைக் கூப்பிட்டால் முதலில் என்ன ஊசி போட்டது என்று மறைக்காமல் சொல்லுங்கள். காலிப் புட்டியைக் காட்டினால் இன்னும் நல்லது.

ஆள் மருந்தை ஏன் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது?

பனடோலுக்குச் சூட்டைக் குறைக்கும் குணம் உண்டு. வீக்கத்தைத் தணிக்கும் பலம் மிகக் குறைவு. அதிலும் ஒரு மனிதனுக்கான நாலு மாத்திரை முந்நூறு கிலோ மாட்டின் வயிற்றில் கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரிதான்.

கேப்சூல் விஷயம் அதைவிட மோசம். மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் தொட்டி. அங்கே கோடானுகோடி நல்ல நுண்ணுயிர்கள் இருந்து புல்லைச் செரிக்க வைக்கின்றன. வாய் வழியாக ஆண்டிபயாட்டிக் போனால் நுரையீரல் கிருமியைச் சந்திப்பதற்கு முன் இந்த நல்லவற்றைத்தான் அது கொல்லும். ஏற்கெனவே தின்னாத மாடு அதன் பிறகு அடியோடு தின்னாது.

மூங்கில் குழாயில் மருந்து ஊற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருமுகிற, மூச்சு வாங்குகிற மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சியோ கஷாயமோ எண்ணெயோ ஊற்றினால் பாதி நுரையீரலுக்குள் போய்விடும். நோயில் சாகாத மாடு வைத்தியத்தில் செத்துவிடும். பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். பாட்டன் காலத்து மருந்தைக் குறை சொல்லவில்லை. மூச்சு வாங்கும் மாட்டுக்கு எதையும் வாயில் ஊற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நம் கை வலிக்கும் மூட்டு வலிக்கும் போடும் டைக்ளோபினாக் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நேப்பாளத்திலும் மாடுகளுக்கு இதைத் தாராளமாகப் போட்டு வந்தார்கள். அப்படி ஊசி போட்டபின் இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 1990களில் தொடங்கிய இந்த அழிவில் சில இனக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போய்விட்டன. காரணம் இந்த மருந்துதான் என்பது 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் நிரூபணம் ஆயிற்று. 2006ஆம் ஆண்டு மூன்று நாடுகளும் மாட்டுக்கான டைக்ளோபினாக்கைத் தடை செய்தன. அதற்குப் பதிலாக, கழுகுக்குத் தீங்கில்லை என்று சோதித்துக் காட்டப்பட்டது மெலோக்சிகாம். மாட்டுக்குள் போன மருந்து மாட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தணிப்பு மருந்துக்கும் பல் உண்டு

"வீக்க ஊசிதானே, கூட ஒண்ணு போட்டா என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு: இந்த மருந்து வயிற்றில் புண் உண்டாக்கலாம், சிறுநீரகத்தைத் தாக்கலாம். அதிலும் தண்ணீர் வற்றிப்போன மாட்டுக்கு ஆபத்து அதிகம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமனாகாமல் மடிப்பாகவே நிற்கிறதா? கண் குழி விழுந்திருக்கிறதா? அப்படியானால் முதலில் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நீர் ஏற்றிய பிறகு தணிப்பு மருந்தைப் பற்றி அவர் யோசிப்பார். பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

இன்னொரு வகை ஊசி இருக்கிறது. டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு. போட்ட சில மணி நேரத்தில் மாடு துள்ளி எழும். அதனால் அதற்கு 'உயிர் ஊசி' என்ற பெயர்கூட உண்டு. ஆனால் அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடும். நுரையீரலில் கிருமி இருக்கும்போது இது காவலைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறப்பதாகும். சினை முதிர்ந்த பசுவுக்குப் போட்டால் கன்று விழுந்துவிடும். ஸ்டீராய்டையும் நான் மேலே சொன்ன தணிப்பு மருந்தையும் ஒருசேரப் போட்டால் வயிற்றுப் புண் ஆபத்து கூடும். ஆகவே மருத்துவர் அல்லாத யாராவது ஊசிப் பெட்டியோடு வந்து "ஒரே ஊசியில எழுப்பிக் காட்டுறேன்" என்றால், பெட்டியை மூடச் சொல்லுங்கள். ஆண்டிபயாட்டிக் மருந்துகள் இந்நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. மிட்டாய் போல் கைமாற்றி விற்க வேண்டியவை அல்ல.

பாலும் இறைச்சியும்

இந்த இடத்தில் நான் மனிதருக்கான டிரெசராகவே பேசுகிறேன். ஊசி போட்ட பசுவின் பாலில் மருந்து வரும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பது தவறு. பல மருந்துகள் கொதியில் அழிவதில்லை. லயத்தில் அந்தப் பாலை வாங்குகிறவர் யார்? கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வயதானவர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு அந்தப் பாலால் உடம்பெல்லாம் தடிக்கலாம். அது மட்டுமா? சிறிது சிறிதாக மருந்து உள்ளே போகப் போகக் கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். நாளைக்கு உங்கள் பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வந்து நான் மருந்து கொடுக்கும்போது அது கேட்காமல் போகலாம்.

ஒவ்வொரு மருந்துக்கும் பாலைக் கொட்ட வேண்டிய நாளும், இறைச்சிக்கு விற்கக் கூடாத நாளும் லேபிளில் இருக்கும். அமெரிக்காவில் விற்கும் புளோர்பெனிக்கால், புளூனிக்சின் கலப்பு ஊசிக்கு இறைச்சிக் கணக்கு 38 நாள். துலாத்ரோமைசின், கீட்டோபுரோபன் கலப்புக்கு 18 நாள். இங்கே உங்கள் மாட்டுக்குப் போட்ட மருந்தின் லேபிளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. இரண்டு மருந்து தனித்தனியாகப் போட்டிருந்தால், எதற்கு நாள் அதிகமோ அதைப் பின்பற்றுங்கள். ஆட்களுக்குப் பால் கொடுக்கும் பசுவுக்குச் சில மருந்துகள் அறவே கூடாது. புளோர்பெனிக்கால் அவற்றில் ஒன்று. ஆகவே "இது கறவை மாடு" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். தேறாது என்று தெரிந்ததும் அவசரமாக அறுப்புக்குத் தள்ளிவிடுவதும் வேண்டாம். அந்த இறைச்சியை வாங்கித் தின்பதும் நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியின் குடும்பம்தான்.

எப்போது கூப்பிடுவது?

சீக்கிரம் கூப்பிடுவதுதான் எல்லா மருந்தையும்விடப் பெரிய மருந்து. நுரையீரல் கட்டியாகிப் போனபின் எந்த ஊசியும் அதைப் புதிதாக்கித் தராது. மாடு தன் வேதனையை எளிதில் வெளியே காட்டாது. காட்டும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே காலையில் கொட்டகைக்குப் போனதும் உடனே மாட்டை அவிழ்க்காமல், சற்றுத் தள்ளி நின்று ஒரு நிமிடம் பாருங்கள்.

தீவனத்தில் வாய் வைக்காமல் நிற்பது, காது தொங்குவது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிவது, விட்டு விட்டு இருமுவது, கூட்டத்தில் கடைசியாக வருவது: இவை ஆரம்பக் குறிகள். விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். குளிர்ந்த காலை நேரத்தில், ஓடாமல் நிற்கும் பெரிய மாடு நிமிடத்துக்கு 40க்கு மேல் மூச்சு விட்டால் கவனம் தேவை. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து முனகிக்கொண்டு மூச்சு விடுவது கடைசிக் குறி.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, நூல் கட்டி, ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். காலை நேரத்தில் பெரிய மாட்டுக்கு 38 முதல் 39.3 டிகிரி சென்டிகிரேட் வரை இயல்பு. 40 டிகிரி என்றால் காய்ச்சல்தான். வெயிலில் நின்ற மாட்டுக்குச் சும்மாவே சூடு ஏறியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். அந்தத் தெர்மாமீட்டரை மாட்டுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். மறந்துபோய் வீட்டு ஆள் வாயில் வைத்துவிடாதீர்கள்!

இருமும் கன்றுக்கெல்லாம் இந்த நோய்தான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். நுரையீரல் புழு இருந்தாலும் கன்று இருமும். அதற்குப் புழு மருந்துதான் வேண்டும், இந்த இரண்டு ஊசியாலும் ஒன்றும் ஆகாது. தொண்டையும் தாடையும் வீங்கி, எச்சில் வடிந்து, திடீரென்று கடுங்காய்ச்சல் அடித்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். மலாய்க்காரர்கள் ஹாவார் பெர்டாரா என்பார்கள். ஓரிரு நாளிலேயே, சில சமயம் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாட்டுக்கு வந்தால் தோட்டத்து மாடுகள் அத்தனைக்கும் ஆபத்து.

வராமல் காப்பது

தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி உண்டு. இலாகாவிடம் கேட்டு மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். பிறந்த கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் கொடுங்கள். கன்றின் முதல் தடுப்பு மருந்து அதுதான். சந்தையில் வாங்கிய மாட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுங்கள். கொட்டகையில் மூத்திரம் தேங்கி நெடி கண்ணைக் கரிக்கிறதா? நம் கண்ணைக் கரிக்கும் காற்று மாட்டின் நுரையீரலையும் கரிக்கும். கொசுவுக்காக ராத்திரி முழுவதும் மூட்டம் போடுவதும் அப்படித்தான். புகை கலையும்படி காற்றோட்டம் இருக்கட்டும். மழைச் சாரல் நேரே அடிக்காமல் ஒரு பக்கம் மறைப்புக் கட்டினால் போதும், நாலு பக்கமும் அடைக்க வேண்டாம்.

மருந்தின் அளவு எவ்வளவு என்று நான் இதில் எழுதவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். அது மாட்டின் எடையையும், சினையையும், கறவையையும், எந்தப் புட்டி என்பதையும் பொறுத்தது. அதை நிர்ணயிக்க வேண்டியவர் மாட்டைத் தொட்டுப் பார்த்த மருத்துவர். ஊசி போட்ட நாள், மருந்தின் பெயர், இன்னும் எத்தனை நாள் போட வேண்டும், எத்தனை நாள் பால் கொட்ட வேண்டும் ஆகிய நாலையும் எழுதி வைக்க வேண்டியவர் நீங்கள்.

வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோதான். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதை வாசித்துக் காட்டுங்கள். கால்நடை இலாகாவின் உங்கள் வட்டார அலுவலகத் தொலைபேசி எண்ணை இன்றைக்கே கேட்டு, கொட்டகைத் தூணில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.